குமுதாவின் கதையைச் சொன்னது நான்தான்

கண்ணா,

நீ கேட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்து நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். "ரெண்டு பக்கம் போதும்மா. உன் கையெழுத்துலயே எழுது. பொங்கல் விழாவுல மேடையில நானே படிக்கறேன். தையல் மையம் வந்தப்புறம் ஊர் எப்படி மாறியிருக்கு, அந்தப் பொம்பளைங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க, அவ்வளவுதான்" என்று இரண்டு வாரத்துக்கு முன்பு சொன்னாய். ஒவ்வொரு தாளிலும் "சங்கத்து உறவுகள் அனைவருக்கும்" என்று தொடங்கினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. எழுத வேண்டியது வேறு ஒன்று இருந்தது, அது வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதனால் இந்த ஐந்தாவது தாளை உனக்கே எழுதுகிறேன். மேடையில் படிப்பதும் மடித்து வைப்பதும் உன் இஷ்டம். படித்தால் முழுதும் படி. நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளாதே.

இதில் வரும் பெண்ணைக் குமுதா என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் இல்லை. அவள் யார் என்று உனக்குத் தெரியும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தத் தடவையாவது கேட்டேன்.

நீ அமெரிக்கா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. போன புதிதில் ஊர்ப் பேச்சையே எடுக்க மாட்டாய். பிறகு அங்கே இருந்த ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தீர்கள். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள், தொழிற்பேட்டையில் லேத் மிஷின் ஓட்டியவர்களின் பிள்ளைகள் என்று நாற்பது ஐம்பது குடும்பம் சேர்ந்தது. முதலில் ஒன்றாகப் பொங்கல் வைத்தீர்கள். அப்புறம் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு வைத்தீர்கள். அப்புறம், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தது. "எங்கம்மா மிஷின்ல உக்காந்துதான் என்னைப் படிக்க வெச்சாங்க, தையல் மையம் வைக்கலாம்" என்று நீதான் சொன்னாயாம். ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் நீ எனக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் கீழ்த்தளம் மையமாயிற்று. ஆறு பவர் மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மிஷின், துணி வெட்ட நீள மேஜை, வாசலில் என் பெயர் போட்ட பலகை, பலகையில் என் படம். நான் மாடிக்குக் குடி போனேன்.

அந்தப் பலகையை மாட்டிய அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். அவர் வேலை பார்த்த ராணுவச் சீருடைத் தொழிற்சாலையில் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். முதல் ஒரு வருஷம் "அந்த செத்துப்போனவரோட சம்சாரம்" என்றுதான் அங்கே என்னைக் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் சட்டைக்குக் கை வைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு என் பெயரை எழுதி வாசலில் மாட்டினால் யாருக்குத்தான் கசக்கும்? மையத்தால் நடந்த நல்லதையும் நான் மறைக்கப் போவதில்லை. நாகம்மா நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள். இன்றைக்குப் பள்ளிக்கூடச் சீருடைக்கு ஜிப் வைப்பதில் அவளை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆளில்லை. இது உங்கள் சங்கத்தால் நடந்தது. சங்கத்தை நான் குறைசொல்ல வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பலகை ஏறிய நாளிலிருந்து என்னால் எங்கேயும் நகர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீங்கள் எல்லோரும் வீடியோவில் வருவீர்கள். அங்கே சனிக்கிழமை இரவு, சாப்பாடு முடிந்து குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். இங்கே ஆறு பெண்களும் லீவு நாளில் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார வேண்டும். ஒவ்வொருத்தியாகப் பெயரைச் சொல்லி, என்ன கற்றுக்கொண்டாள், வீட்டில் என்ன மாறியது என்று சொல்லி, நன்றி சொல்ல வேண்டும். என் அக்கா பேத்தியின் கல்யாணத்துக்கு வேலூர் போனவள், சனிக்கிழமையே பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன், தெரியுமா? நான் இல்லாவிட்டால் போனை ஸ்டாண்டில் வைக்க ஆள் இல்லை. மாதம் இரண்டு போன பிறகு நாகம்மா என்னிடம் கேட்டாள்: "இந்த வாரம் இன்னாக்கா சொல்றது? போன வாரம் சொன்னதையே சொல்லட்டா?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு கேமரா வந்தது. உதவி செய்கிறவர்கள் அங்கிருந்தே பார்க்கலாம், மிஷினுக்கும் பாதுகாப்பு என்றாய். ஆள் வந்து உத்தரத்துக்குக் கீழே மாட்டிவிட்டுப் போனான். அன்றைக்கு மதியம் அந்த அறையில் ஒரு சிரிப்புச் சத்தம் இல்லை. துணி விலகினால் இழுத்துவிட்டுக்கொள்ள, முதுகைச் சொறிந்துகொள்ள, கொஞ்சம் சாய்ந்துகொள்ள எல்லாருக்கும் கூச்சம். ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு நாகம்மா ஸ்டூலில் ஏறி அதன்மேல் ஒரு நைட்டித் துண்டைத் தொங்கவிட்டாள். பத்து நிமிஷத்தில் உன் போன் வந்தது. "அம்மா, கேமரா மறைஞ்சிருக்கு பாரு." அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். "நீ தூங்கலையாடா?" என்றேன். "சும்மா போட்டு வெச்சிருந்தேன்மா. மிஷின் சத்தம் கேட்டுட்டே இருந்தா நல்லாருக்கு" என்றாய். துண்டை எடுக்கச் சொல்லிவிட்டேன். நாகம்மா என்னை முறைத்தாள். நடு ராத்திரியில் தூக்கம் வராமல், கோவில்பதாகையில் ஆறு பெண்கள் துணி தைப்பதைப் பார்த்துக்கொண்டு என் பிள்ளை எதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்று அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு பெரியது. குமுதா மையத்துக்கு வந்த முதல் நாளே எனக்குப் பிடித்துப்போனது. முப்பத்தெட்டு வயது. கை வேகம், வாயும் வேகம். ஒரே பெண், பவித்ரா, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். புருஷன் குவைத்தில் இருக்கிறான், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான், அதனால்தான் ஊருக்கு வர முடியவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். தெருவில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஃபாரின்காரர் சம்சாரம் என்பார்கள். ஒரு மழை நாளில் மற்றவர்கள் யாரும் வரவில்லை. நானும் அவளும் மட்டும் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தோம். கேமராவும் கரண்ட் இல்லாமல் அணைந்திருந்தது. அப்போது சொன்னாள். புருஷன் போன இரண்டாவது வருஷமே போன் செய்வதை நிறுத்திவிட்டான். அவனோடு வேலை பார்த்த ஒருவன் வந்து, அவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மகள் பிறந்தநாளுக்குக் குமுதாவே பர்மா பஜார் போய் ஃபாரின் சோப்பும் சாக்லேட்டும் செண்ட்டும் வாங்கி, அட்டைப் பெட்டியில் போட்டு, உங்கப்பா ஆள் மூலமா கொடுத்தனுப்பினார் என்று கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "உன்ட்ட மட்டுந்தாங்க்கா சொல்றேன். எங்க அம்மாவுக்கே தெரியாது" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அந்த வாரமே உன்னிடம் சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று ஒரு வருஷமாக யோசிக்கிறேன். யோசித்துக் கண்டுபிடித்ததை எழுதக் கை கூசுகிறது. நீ கூப்பிடும்போது "சாப்பிட்டியாம்மா" என்பாய். "சாப்பிட்டேன், நீ?" என்பேன். மாத்திரை போட்டாயா, மழை பெய்கிறதா, அதோடு பேச்சு வற்றிவிடும். "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். ஆனால் மையத்துப் பெண்களைப் பற்றி ஏதாவது சொன்னால் நீ போனை வைக்க மாட்டாய். "அப்புறம்? அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பாய், சின்ன வயதில் கேட்டது போல. நாகம்மாவின் மாமியார் கதைக்குக் கால் மணி நேரம் இருந்தாய். குமுதாவின் கதைக்கு நாற்பது நிமிஷம் இருந்தாய். அந்த நாற்பது நிமிஷத்துக்காக அவள் என் கையைப் பிடித்துச் சொன்னதை உனக்கு எடுத்துக் கொடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. "யார்கிட்டயும் சொல்லாதடா" என்று கடைசியில் சொன்னேனா என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

போன வருஷம் பொங்கல் விழாவில் நீ மேடையேறினாய். உன் பின்னால் பெரிய திரையில் குமுதா மிஷினில் குனிந்திருக்கும் படம். வளைகுடாவுக்குப் போன கணவன் கைவிட்டதையும், ஏழு வருஷமாக ஒரு தாய் தன் மகளிடம் பொய்யான பரிசுகள் கொடுத்து வாழ்வதையும் நீ தழுதழுத்துச் சொன்னாய். அரங்கத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீ அவள் பெயரைச் சொல்லவில்லை. முகம் இருக்கும்போது ஊருக்குப் பெயர் எதற்கு? உங்கள் சங்கத்தில் யாரோ அந்த வீடியோவைத் தன் அண்ணனுக்கு அனுப்ப, அவர் தன் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட, இரண்டே நாளில் அது கோவில்பதாகைக்கு வந்து சேர்ந்தது. மளிகைக் கடைக்காரர்வரை பார்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை குமுதா வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல், போனை என் முன்னால் நீட்டினாள்.

"இத்த யாருக்கா அங்க சொன்னது?"

மற்ற ஐந்து மிஷினும் நின்றுவிட்டன. தலைக்குமேல் கேமரா. நான் உன் அம்மா. பலகையில் இருப்பவள். "தெரியலையே குமுதா... அங்க யாரோ எப்படியோ கேள்விப்பட்டிருப்பாங்க" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பாபினைக் கழற்றிப் புதிதாக நூல் சுற்றினாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் வந்தாள். என்னைக் கூப்பிடுவதே இல்லை. வழக்கமாக ஓவர்லாக் மிஷினைத் தொடவே தயங்குபவள், அதை விடாமல் கேட்டு வாங்கி ஓட்டினாள். நாலாவது வாரம் வரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு பாரிவாக்கம் பக்கம் போய்விட்டாள் என்று நாகம்மா சொன்னாள்.

உன்னிடம் சொன்னேன். "நல்ல எண்ணத்துலதான்மா சொன்னேன். பேரு கூட சொல்லலையே" என்றாய். பிறகு, "அந்த வீடியோவைப் பாத்துதான்மா அத்தனை பேர் முன்வந்திருக்காங்க. கள்ளிக்குப்பத்துல ரெண்டாவது மையம் ஆரம்பிக்கப் போறோம்" என்றாய். அங்கும் என் பெயர்தான் என்றும் சொன்னாய். நான் "சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது? கள்ளிக்குப்பத்தில் எத்தனையோ பெண்களுக்கு வேலை கிடைக்கும். வேண்டாம் என்றால் அவர்கள் வாயில் மண். வேண்டும் என்றால் குமுதாவின் மானத்தின்மேல் நான் இரண்டாவது பலகை மாட்டிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கோடை விடுமுறைக்கு நீங்கள் பதினெட்டுப் பேர் திறப்பு விழாவுக்கு வருகிறீர்கள் என்று இப்போது பலகையில் போட என் புதுப் படம் கேட்கிறாய்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். நீ மறந்திருப்பாய், அல்லது மறக்க வேண்டும் என்று நினைத்திருப்பாய். ஆறாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கத்தார் வந்து இலவசப் பை கொடுத்தார்கள். தந்தையை இழந்த மாணவன் என்று மைக்கில் சொல்லி உன்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பெரியவர்கள் பையின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொள்ள, நடுவில் நீ நின்று படம் எடுத்தார்கள். நல்ல பை. நீல நிறம், மேலே அவர்கள் சங்கத்தின் பெயர். நீ அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டுவிட்டு, மறுநாள் மஞ்சள் துணிப்பையில் புத்தகம் கொண்டு போனாய். கொழுப்பா உனக்கு என்று தையல் ஸ்கேலால் உன் முழங்காலில் அடித்தேன். நீ அழாமல், "எல்லாரும் பாத்தாங்கம்மா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அந்த வருஷம் முழுதும் துணிப்பைதான். எனக்கு அன்று உன் பேச்சு புரியவில்லை. தொழிற்சாலையில் என்னைச் செத்தவர் சம்சாரம் என்று கூப்பிட்டபோது எனக்கு எப்படி இருந்ததோ அதுதான் உனக்கும் என்று புரிந்துகொள்ள எனக்கே புத்தி இல்லை. அடித்தது தப்பு, கண்ணா. முப்பது வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பையனிடம் கொஞ்சம் கேட்டுப்பார், குமுதாவின் படத்தைத் திரையில் போடலாமா என்று.

நாலாவது தாளைக் கிழித்த மறுநாள் பூந்தமல்லி பஸ் ஏறிப் பாரிவாக்கத்தில் இறங்கினேன். நாகம்மா சொன்ன அடையாளத்தை வைத்து, புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் தேடினேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறைதான் அவள் வீடு. வெள்ளிக்கிழமை, அவளுக்கு வார விடுமுறை. கதவைத் திறந்தவள் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை.

"இன்னாக்கா இம்மாந் தூரம்? உள்ள வா. தண்ணி குடிக்கிறியா?"

தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "குமுதா, அதை எம்பையன்கிட்ட நான்தான் சொன்னேன். அன்னிக்கு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"எப்பன்னா? உன்ட்ட மட்டுந்தான சொன்னேன். செவுரா போய் அமெரிக்காவுல சொல்லும்?"

"அப்ப அன்னிக்கே கேட்டிருக்கலாமே. நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"திட்டிட்டு? மறுநா உன் மிசின்லதான வந்து குந்தணும். ஓவர்லாக்கு கைக்கு வர்ற வரிக்கும் வாய மூடிகினு இருந்தேன். வந்திச்சு. இங்க ஒரு கம்பெனில எடுத்துகினாங்க. அவ்ளோதான்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "உம் மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்க்கா. கீது. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அப்போது பவித்ரா வந்தாள். பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். எனக்கு அந்தப் பெண்ணிடம்தான் அதிகம் பயமாக இருந்தது. அப்பா விஷயம் உனக்கு இப்படித் தெரிய வந்திருக்கக் கூடாதும்மா என்று ஏதோ உளறினேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஏழாவது படிக்கும்போதே தெரியும் பெரிம்மா. பெட்டிக்குள்ள பர்மா பஜார் பில்லு இருந்துச்சு. அம்மா பாத்துடப் போறாங்கன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்." பையை மாட்டிவிட்டுத் திரும்பினாள். "எனக்குத் தெரியும்ன்றது பிரச்சனையே இல்ல. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் எங்கப்பா குவைத்துல கீறாருன்னு சொல்லி வெச்சிருந்தேன். அவங்கல்லாம் வீடியோவப் பாத்துட்டாங்க. அதான்."

குமுதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அத்தனை வருஷம் ஒரு கூரையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள், கண்ணா. அதைத்தான் நாம் இரண்டு பேரும் பிரித்துப் போட்டோம். கிளம்பும்போது இப்படி ஒரு கடிதம் எழுதப் போகிறேன், எழுதட்டுமா என்று கேட்டேன். குமுதா யோசித்தாள். "எழுது. பேரு போடாத. உம்பையன் படிக்கட்டும். ஆனா நான் அழுதேன்னு எழுதாத. நான் அழல." அவள் அழவில்லை. இதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை, கேமராவின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஐந்து பெண்களையும் உட்கார வைத்துச் சொன்னேன். நெட் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய், நெட் நன்றாகத்தான் இருக்கிறது. குமுதாவின் கதையைச் சொன்னது நான் என்றேன். நாகம்மா மட்டும் கேட்டாள்: "அப்ப நாங்க சொன்னது? அதுல இன்னா இன்னா போயிருக்கு?" பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "எல்லாம்" என்றேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. எப்படிப் போவாள்? அரையாண்டு லீவு முடிவதற்குள் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை கொடுக்க வேண்டும். ஐந்து பேரும் மிஷினில் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து நேரத்துக்கு வருகிறார்கள், தைக்கிறார்கள், போகிறார்கள். நான் இறங்கி வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. மாடியில் இருந்தால் கீழே சிரிக்கிற சத்தம் கேட்கிறது. என் வீட்டுப் படியில் நின்றுகொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவளாக ஆகிவிட்டேன். மையத்தை மூட முடியாது, அவர்கள் பிழைப்பு. விட்டுவிட்டு உன்னிடம் வரவும் முடியாது. வீடு, பலகை, பெயர், மூன்றும் இங்கே.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீயே பார்த்தாய். இருந்தாலும் அரங்கத்தில் கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். வழக்கம்போல ஒன்பது மணிக்குப் போனை வைத்தேன். திரையில் உங்கள் பதினோரு வீடுகள். ஒரு அம்மா அன்பாகத்தான் கேட்டார்: "நாகம்மா, எப்படி இருக்கீங்க? வீட்டுல எல்லாம் எப்படிப் போகுது, சொல்லுங்க." நாகம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நாங்க நல்லா கீறோம்மா. எங்க கதைதான் உங்களுக்கு மொத்தமும் தெரியுமே. நீங்க எப்டி கீறீங்க? உங்க ஊட்டு கஷ்டத்த சொல்லுங்க. நாங்க குந்திகினு கேக்கறோம்."

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியும். நிஜமாகவே கேட்கத்தான் காத்திருந்தாள். திரையில் ஒரு பெண் சிரித்து, சிரிப்பை நிறுத்தினாள். ஒருவர் கட்டம் கறுப்பாகப் போனது, இன்னொருவர் ஏதோ சிக்னல் சரியில்லை என்றார். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் உன் மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை. இரண்டு மாதமாகவே அவர்களை நான் திரையில் பார்க்கவில்லை, கேட்டால் தூங்குகிறார்கள் என்கிறாய். நாகம்மா கேட்டதும் நீ வாயைத் திறந்தாய். சொல்லிவிடப் போகிறாய் என்று நினைத்தேன். அதற்குள் யாரோ, "சரி, நேரமாச்சு, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று முடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு நீ என்ன சொல்ல வந்தாய், கண்ணா? போனில் வேண்டாம், எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் எழுது. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அம்மா